கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்

கேள்வி: வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பில் இருக்கிறேன். வயது 29. மருந்துக்கடையில் பில் போடும் வேலை. அப்பா இல்லை. தம்பிக்கு 20 வயது. டிப்ளமா இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டான். பதினேழு வயதில் கஞ்சாப் பழக்கம் வந்தது. போன வருடம் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்ததாக வழக்குப் போட்டார்கள். பதினோரு நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தான். இப்போது உள்ளே பழகியவர்களோடு சுற்றுகிறான். வலி மாத்திரையும் சேர்ந்துகொண்டது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். "விற்பவர், வாங்குபவர், பயன்படுத்துபவர் யாராயினும் ஜாமீன் கிடைக்காதபடி சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்" என்பது அதில் உள்ள கோரிக்கை. கையெழுத்துப் போடாதே என்று அம்மா அழுகிறார். போடாவிட்டால், "உங்க வீட்டுப் பையனுக்காகத்தானே" என்று கேட்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் சித்தி மகளோ, வெளிநாடுகளில் இந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், இங்கேயும் எடுக்க வேண்டும் என்கிறாள். சட்டம் கடுமையாக இருப்பது நல்லதா, தளர்வது நல்லதா? தம்பியை நானே போலீசில் ஒப்படைத்துவிடலாமா?

— ஒரு சகோதரி, வியாசர்பாடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாமே மனுவில் உள்ள அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். விற்பவர், வாங்குபவர், பயன்படுத்துபவர் ஆகிய மூவரையும் அது ஒரே கயிற்றில் கட்டுகிறது. வடசென்னையில் முப்பது ஆண்டுகளாக மனநல மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிக் கட்டினால் அந்தக் கயிறு முதலில் இறுகுவது உங்கள் தம்பி போன்றவர்களின் கழுத்தில்தான், மூட்டையாக இறக்கி விற்பவனை அது கடைசியாகத்தான் எட்டும், பல நேரங்களில் எட்டவே எட்டாது. ஆகவே அந்த வரி அப்படியே இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக மனுவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மாடிப்படிக்குக் கீழே மோட்டார் அறையை ஒட்டி இருட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்களைத் தாண்டி, இரவு வேலை முடித்து வரும் பெண் பிள்ளைகள் மேலே ஏற வேண்டியிருக்கிறது. பள்ளி விட்டு வரும் எட்டாம் வகுப்புப் பையனிடம் பொட்டலத்தைக் கொடுத்து, "அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா" என்று அனுப்புகிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் அண்டை வீட்டார் கோபப்படாமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் அவர்கள் கேட்கும் கடுமை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. என்.டி.பி.எஸ். என்று காவல் நிலையங்களில் சொல்லப்படும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிடிபட்ட பொருளின் அளவைப் பார்த்தே தண்டனையை வகுக்கிறது. கஞ்சாவை எடுத்துக்கொண்டால், 1 கிலோ வரை இருந்தால் அது சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு சிறை, அதோடு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை அபராதம். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. வணிக அளவு வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றம் செய்யவில்லை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே மனநிறைவு ஏற்பட்டாலொழிய ஜாமீன் தரக் கூடாது என்று சட்டமே கட்டளையிடுகிறது. போதாததற்கு, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ், எல்லோரும் குண்டாஸ் என்று சொல்வது, போதைப்பொருள் குற்றவாளியை விசாரணையின்றியே ஓராண்டு வரை அடைத்துவைக்க முடியும். இதற்கு மேல் கடுமை வேண்டும் என்று கேட்டால், அந்தக் கூடுதல் கடுமை போய்ச் சேர்வதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே இடம் பயன்படுத்துபவன்தான்.

அதே என்.டி.பி.எஸ். சட்டத்தில் வேறொரு கதவும் இருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு குடும்பத்தைக்கூட நான் என் அறையில் சந்தித்ததில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரிவு 64ஏ என்பது அதன் பெயர். போதைக்கு அடிமையான ஒருவர்மீது, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருக்கும் நிலையில், அவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் போதை மீட்பு சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு ரத்து செய்யப்படலாம். வழக்கு நடந்து தண்டனை என்று முடிவான பிறகும், பிரிவு 39-இன்படி, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் அவருடைய சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆக, பயன்படுத்துபவனை நோயாளியாகப் பார்க்கும் கண் இந்தச் சட்டத்துக்கு இருக்கிறது. அந்தக் கண்ணைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. பிடித்த இடத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வக்கீலுக்கு ஜாமீன் எடுப்பதே அவசரம்; பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் வழக்கு முடிந்தது என்று குடும்பமும் மூச்சு விடுகிறது. அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போய்விடும் என்ற பயம் வேறு. அந்தப் பயம் தேவையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை அவருடைய உரிமையாகவே அது சொல்கிறது.

உங்கள் தம்பி விஷயத்தில் இந்தக் கதவு தட்டப்படவே இல்லை. பதினோரு நாள் உள்ளே இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கஞ்சாவை மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்த பையனுக்கு அந்தப் பதினோரு நாளில் தூக்கம் வந்திருக்காது, எரிச்சல் அதிகமாக இருந்திருக்கும், சாப்பாடு இறங்கியிருக்காது. கஞ்சாவை நிறுத்தும்போது வருகிற உடல் தொல்லை அவ்வளவுதான், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சிகிச்சையைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு மருத்துவரோ ஆலோசகரோ அந்த நாட்களில் அவனிடம் பேசியிருந்தால் போதும். மாறாக, அவனுக்கு அங்கே கிடைத்தது கூட்டாளிகளின் பழக்கமும், வெளியே வந்த பின் எங்கே எது கிடைக்கும் என்ற விவரமும். "உள்ள போயிட்டு வந்தாத்தான் புத்தி வரும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் தெருக்களில் நிறைய. அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே போய் வந்தவர்களை அதற்குப் பிறகு பார்ப்பவன் நான். ஒரு வழக்கு விழுந்த பையனுக்கு, காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கும் வேலை எதுவும் கிடைப்பதில்லை. அடுத்த முறை தெருவில் எது நடந்தாலும் தேடி வருவது அவன் வீட்டைத்தான். மீண்டும் படிக்கப் போகலாம் என்ற எண்ணம் அத்தோடு அவனைவிட்டுப் போய்விடுகிறது.

வலி மாத்திரை என்றதும் என் கவலை இரட்டிப்பானது. கஞ்சாவும் அதுவும் ஒன்றல்ல. உங்கள் கடைக் கவுன்டரில் நின்று, சீட்டு இல்லாமல், பெயர்கூடச் சொல்லாமல், அட்டையின் நிறத்தைச் சொல்லி அதைக் கேட்கிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது அபினின் வழிவந்த மருந்துகளைப் போலவே மூளையில் வேலை செய்வது. என்னிடம் சில கோடைகளுக்கு முன்பு ஒரு பையன் வந்தான். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் எட்டோ ஒன்பதோ கொட்டாவி. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. கையில் மயிர்க்கூச்செறிந்து நின்றது. "ஜுரம் டாக்டர், மூணு நாளா வவுத்தால போவுது" என்றார் அவன் அம்மா, மடியில் இட்லி டப்பாவை வைத்துக்கொண்டு. அது காய்ச்சல் அல்ல. மாத்திரை நின்றதால் உடல் கேட்கும் கேள்வி. சட்டைக் கையை மடிக்கச் சொன்னபோது அவன் அம்மாவை வெளியே போகச் சொன்னான். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிய தழும்புகள் முழங்கைக்கு மேல்வரை இருந்தன. இந்த நிலையில் இருப்பவனை லாக்கப்பில் வைத்தால் அது தண்டனையாகத்தான் இருக்கும், திருத்தமாக இருக்காது. பயத்தால் நிற்கக் கூடிய பழக்கமாக அது அப்போது இருப்பதில்லை.

இன்னொன்றையும் உங்கள் தம்பிக்காக இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகை மருந்தைச் சில வாரங்கள் எடுக்காமல் இருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் பலத்தை இழந்துவிடும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வந்த முதல் நாட்களில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பினாலும் எழாமல், குறட்டை போன்ற சத்தத்தோடு மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

இனி உங்கள் சித்தி மகளின் வாதத்துக்கு வருகிறேன். அவள் அக்கறையோடுதான் பேசுகிறாள். அவள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. போர்ச்சுகல் நாட்டில் 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு உட்பட்ட அளவு போதைப்பொருளை வைத்திருப்பவர்மீது குற்ற வழக்கு கிடையாது. ஆனால் அங்கே சட்டத்தை எடுத்துவிடவில்லை. விற்பது இன்றும் குற்றம்தான். பிடிபட்ட பயன்பாட்டாளர், சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்கள் அடங்கிய மூவர் குழுவின் முன் போய் உட்கார வேண்டும். அவருக்குச் சிகிச்சை வேண்டுமா, எச்சரிக்கை போதுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதோடு சிகிச்சை இடங்களையும் அந்த நாடு பெருக்கியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் அதைப் பார்த்து 2020-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2021 பிப்ரவரி முதல் தண்டனையை நீக்கியது. அங்கே குழு இல்லை. 100 டாலர் அபராதச் சீட்டைக் கையில் கொடுத்து, உதவி எண்ணை அழைத்தால் அபராதம் ரத்து என்றார்கள். அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கென ஒதுக்கிய பணம் போய்ச் சேரவே தாமதமானது. ஃபென்டனில் என்ற கொடிய மருந்து அதே காலத்தில் அங்கே பரவியது; தெருவோரக் காட்சிகளைப் பார்த்து மக்கள் சலித்துப்போய், 2024 செப்டம்பரில் மீண்டும் அதைக் குற்றமாக்கிவிட்டார்கள். சட்டத்தைத் தளர்த்திய நாள் ஒரு மாநிலத்தைக் கெடுத்தது, ஒரு நாட்டைக் காப்பாற்றியது என்று நான் படிக்கவில்லை. தண்டனையை விலக்கிய இடத்தில் வேறு என்ன வைத்தார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன என்று படிக்கிறேன்.

தாராளமாகக் கிடைக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் போர்ச்சுகல்வரை போகத் தேவையில்லை, சகோதரி. நம் ஊரிலேயே 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2019-இல் மத்திய சமூகநீதித் துறைக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், கஞ்சா, பாங்கு வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம். சட்டம் மட்டுமே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கையெட்டும் தூரத்தில் கிடைப்பதைத்தான் அதிகம் பேர் எடுப்பார்கள் என்பதை, ஈரல் கெட்டு வயிறு ஊதி, மாலைக்கண்ணும் மஞ்சள் காமாலையுமாக வந்து படுக்கும் நாற்பது வயது மீனவர்களையும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் பார்த்துப் பார்த்து நான் நம்பத் தொடங்கியிருக்கிறேன். மூளையின் நிதானிக்கும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக்குள் தொடர்ந்து கஞ்சா புகைக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, காதில் குரல் கேட்பதும் தன்னை யாரோ பின்தொடர்வதாக நம்புவதுமான மனநோய் வருகிறது; அப்படி வந்த பிறகு சிலர் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே, கடை திறந்து விற்கட்டும் என்று சொல்லும் பேச்சுக்கு என்னால் ஒருபோதும் தலையாட்ட முடியாது. தடை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும் என்பாருக்கும் என் பதில் அதேதான்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கள்ளச்சாராயத்துக்கு எதிராக இந்த மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருந்தது.

கடுமையான சட்டம் தவறான வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை நான் முதலில் கற்றது போதைக்காரர்களிடம் அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், இளம் மருத்துவனாக இருந்தபோது, காசிமேட்டிலிருந்து வாய்ப்புற்றுநோயோடு ஒரு விசைப்படகுத் தொழிலாளி வந்தார். கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது. வலி தாங்காமல் இரவெல்லாம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது, அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான 'மார்பின்' மாத்திரை. அன்று நான் இருந்த இடத்தில் அது இல்லை, வாங்கவும் முடியவில்லை. காரணம், 1985-ஆம் ஆண்டின் இந்தச் சட்டம்தான். மார்பினை வைத்திருக்கவும் கொண்டுபோகவும் மாநிலத்துக்கு மாநிலம் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒரு சிறு தவறுக்கும் சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் அதை வைப்பதையே விட்டுவிட்டன. உலகுக்கே மருந்துக்கான அபினை விளைவித்துக் கொடுக்கும் நம் நாட்டில் மருத்துவ மார்பின் பயன்பாடு அந்தப் பத்தாண்டுகளில் பெருமளவு சரிந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அதைச் சற்றுச் சீர்செய்தார்கள். அந்தத் தொழிலாளி அதற்குள் எப்போதோ போய்விட்டார். சட்டத்தின் கடுமையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கட்டில் கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு திருத்தமும் உங்கள் சங்கத்தார் அறிய வேண்டியது. 1985-இல் வந்தபோது இந்தச் சட்டத்தில் சிறிய அளவு, வணிக அளவு என்ற இன்றைய அடுக்குகள் இல்லை. பெரும்பாலான போதைப்பொருட்களுக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்தேன் என்று நிரூபிக்க முடியாதவருக்குச் சில கிராம் இருந்தாலும் குறைந்தது 10 ஆண்டு என்ற நிலை இருந்தது. பதினாறு ஆண்டுகள் அப்படி நடத்திப் பார்த்த பிறகே, 2001-இல் நாடாளுமன்றம் அளவுக்கேற்ற தண்டனை என்று மாற்றியது. உங்கள் மனு கேட்பது ஏறத்தாழ அந்தப் பழைய நிலையை. நாடு ஒருமுறை போய்த் திரும்பி வந்த வழி அது.

அப்படியானால் கடுமை யார்மீது விழ வேண்டும்? இங்கேதான் எனக்கும் எளிதான பதில் இல்லாத ஒரு இடம் இருக்கிறது. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலில் கஞ்சா நம் பக்கம் வருகிறது என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பையைச் சுமந்து வருகிறவன் யார்? பெரும்பாலும் உங்கள் தம்பி வயதுள்ள, ஐயாயிரம் பத்தாயிரத்துக்குச் சம்மதித்த ஒருவன். பை 19 கிலோ இருந்தால் ஒரு கணக்கு. 21 கிலோ இருந்தால் குறைந்தது 10 ஆண்டு. பையை அனுப்பியவனும் வாங்கிக்கொள்ள இருந்தவனும் அந்த ரயிலில் இருப்பதில்லை. இன்னொரு பக்கம், தன் செலவுக்காகப் பத்துப் பொட்டலம் வாங்கி, ஏழு பொட்டலத்தை விற்று மூன்றைத் தானே புகைக்கும் பையன் இருக்கிறான். அவன் நோயாளியா, வியாபாரியா? இரண்டும்தான். அவனிடம் வாங்கித்தான் அந்த எட்டாம் வகுப்புப் பையன் கெட்டான் என்றால், அந்தத் தாயிடம் போய், விற்றவனும் நோயாளிதான் அம்மா என்று சொல்ல எனக்கு நா எழாது. பள்ளிப் பிள்ளைக்கு விற்றவனுக்குத் தண்டனை இருக்கத்தான் வேண்டும், சிகிச்சையும் அதோடு நடக்க வேண்டும் என்பதே நான் வந்து சேர்ந்திருக்கும் இடம். ஆனால் காவல்துறையின் கணக்கில் ஒரு வழக்கு என்பது ஒரு வழக்குதான். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பிடிப்பது, மூட்டைக்குச் சொந்தக்காரனின் வங்கிக் கணக்கைத் துரத்துவதைவிடச் சுலபம். போதைப்பொருளால் சேர்த்த சொத்தை முடக்கவும் பறிமுதல் செய்யவும் இதே சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. கடுமை வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

பிடிப்பதை மட்டும் முடுக்கிவிட்டால் பழக்கம் இடம் மாறும் என்பதையும் கவனியுங்கள். 2018-இல் டிராமடால் என்ற வலி மருந்து இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் சில மாதங்களில் வேறொரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். பொட்டலம் கிடைக்காத வாரத்தில் மாத்திரை என்று பையன்களே சொல்கிறார்கள். பசியை அப்படியே விட்டுவிட்டு ஒரு கடையை மூடினால், கால் அடுத்த கடைக்குப் போகிறது. நான் சொன்ன அந்த தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதிப் பத்தொன்பது பேருக்கும் சிறையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சங்கத்தாரிடம் போய் இப்படிச் சொல்லுங்கள்: அந்த வரியில் உள்ள "வாங்குபவர், பயன்படுத்துபவர்" என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் மூன்று கோரிக்கைகளைச் சேர்த்தால் முதல் கையெழுத்து என்னுடையது. சிறிய அளவோடு பிடிபடும் ஒவ்வொருவருக்கும் பிரிவு 64ஏ பற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. நம் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாளாவது போதை மீட்பு ஆலோசகர் உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. மாடிப்படிக்கும் மோட்டார் அறைக்கும் விளக்குப் போட்டு, மாலை ஆறிலிருந்து பத்துவரை ரோந்து வேண்டும் என்பது மூன்றாவது. மற்ற இரண்டையும்விட இதுதான் சீக்கிரம் கிடைக்கும், பெண்களுக்கு உடனே நிம்மதி தரும். "உங்க வீட்டுப் பையனுக்காகத்தானே" என்று யாராவது கேட்டால் கூசாதீர்கள். ஆமாம், அவனுக்காகவும்தான் என்று சொல்லுங்கள். கேட்கிறவர்களில் சிலர் வீட்டிலும் ஒரு பையன் இருப்பான்; இன்னும் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தம்பியை நீங்களே ஒப்படைக்க வேண்டாம். விற்கிறவன் யார் என்று தெரிந்தால் 10581 என்ற எண்ணில் சொல்லுங்கள். தம்பி அம்மாமீது கை ஓங்கினாலோ கத்தியைத் தூக்கினாலோ அப்போது காவல்துறையை அழைப்பதில் தயக்கம் வேண்டாம். அது வேறு விஷயம். வேன் கொண்டுவந்து ஆளை அமுக்கித் தூக்கிப்போகும் மறுவாழ்வு மையங்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப் போன ஒரு பையனின் முதுகில் பிரம்புத் தழும்பைப் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டார் அதற்கு மாதம் பதினைந்தாயிரம் கட்டியிருந்தார்கள். எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. மாத்திரைக்கு அடிமையானவருக்கு அதன் இழுப்பைத் தணித்து நிதானமாக வெளியே கொண்டுவரும் மருந்துகள் இருக்கின்றன. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிவரும். நடுவில் ஒருமுறை, இரண்டு முறை அவன் சறுக்குவான். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் இனிப்புச் சாப்பிட்டுவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவோமா? சறுக்கிய மறுநாளே அழைத்துப் போங்கள்.

அவனிடம் பேசுவதற்கு, அவன் போதையில் இல்லாத, பசியாறிய ஒரு காலை நேரத்தைப் பாருங்கள். அம்மா உடனிருந்தால் அழுகையில் பேச்சு நின்றுவிடும். நீங்கள் மட்டும் பேசுங்கள். நிறுத்து என்று தொடங்காதீர்கள். ராத்திரி தூங்கினாயா, உடம்பு வலிக்கிறதா என்று கேளுங்கள். டாக்டரிடம் போனால் போலீசுக்குச் சொல்ல மாட்டார்கள், நிலுவையில் வழக்கு இருந்தால் அதற்கும் இதுவே உதவும் என்பதை அவன் காதில் போடுங்கள். சம்மதித்தால் அடுத்த நாளே போய்விடுங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். போகும்போது அவன் எடுக்கும் மாத்திரையின் காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, விழுங்குகிறானா ஊசியில் ஏற்றுகிறானா: டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். தினமும் பில் போடும் உங்களுக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியும்.